விலக்கிவிடப் போனவர் மேல் வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்ற வழக்கு நடத்துகிற வக்கீல் நான். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிற பலர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள்: “மேடம், நான் விலக்கிவிடத்தான் போனேன்.” கையில் எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கும். தமிழ்நாட்டு அடிதடி வழக்குகளில் வழக்கமாக வருகிற பிரிவுகள்தான் அதில் இருக்கும். முன்பு 294(பி), 323, 506(2). இப்போது 296(பி), 115(2), 351(3). அதாவது ஆபாசமாகத் திட்டினார், காயப்படுத்தினார், மிரட்டினார். விலக்கப் போனதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி. பி.என்.எஸ். என்று வருவது பாரதிய நியாய சன்ஹிதா, 2023; பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம். பொதுவான விளக்கம் இவ்வளவுதான். உங்கள் வழக்குக்கு, வழக்குக் கட்டைப் படித்த வக்கீல் சொல்வதே கணக்கு.

அடி வாங்கினது நான் இல்லை, வேற ஒருத்தர். நான் உள்ளே போய் அடிச்சா அது எப்படித் தற்காப்பு ஆகும்?

ஆகும். குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். தற்காப்பு என்றாலே ‘தன்’ காப்பு என்று காதில் விழுகிறது. சட்டத்தில் உள்ள உரிமை அதைவிட அகலமானது. பி.என்.எஸ். 35-வது பிரிவு, ஒருவர் தன் உடலையும் வேறு எவருடைய உடலையும், உடலுக்கு எதிரான குற்றத்திலிருந்து காத்துக்கொள்ளலாம் என்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில்தான் வருகின்றன. உங்களுக்காக என்றால் பெரிய உரிமை, அடுத்தவருக்காக என்றால் சின்ன உரிமை என்ற பாகுபாடு கிடையாது.

34-வது பிரிவு இதற்கு முந்தையது. இந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே அல்ல என்கிறது அது. கருணை காட்டித் தண்டனையைக் குறைப்பது வேறு, குற்றமே நடக்கவில்லை என்று விடுதலை செய்வது வேறு. இது இரண்டாவது வகை.

ஆனால் விடுதலைக்கு முன் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்கும். உள்ளே போகும்போது உங்கள் கண்ணில் பட்டது என்ன, எவ்வளவு பலம் பிரயோகித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முட்டும். என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது மூன்றாவதில்.

எனக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. முன்பின் தெரியாதவருக்காகவும் செல்லுமா?

செல்லும். உறவு, நட்பு, ஒரே ஊர் என்று எந்த நிபந்தனையும் இல்லை. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, முதலாளி வேலையாள் என்ற வட்டத்துக்குள்தான் இந்த உரிமை நின்றது. மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவாகி 1860-ல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டம் அந்த வட்டத்தை அழித்துவிட்டு ‘வேறு எந்த நபரும்’ என்று எழுதியது. புதிய சட்டத்திலும் அதேதான்.

ஆனால் தெரியாதவர் என்றால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே என்ன நடக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

ஒருத்தர் செக்‌ஷன் 100-ங்கறார், இன்னொருத்தர் 38-ங்கறார். எது சரி?

இரண்டும் சரி. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம்: பிரிவுகள் 96 முதல் 106 வரை. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பி.என்.எஸ்.: பிரிவுகள் 34 முதல் 44 வரை. பழைய எண்ணிலிருந்து 62-ஐக் கழித்தால் புதிய எண் வந்துவிடும். உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதனால் பழைய பிரிவுகளின் கீழ் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இன்றும் காட்டலாம்.

அவர் இன்னும் கையையே வைக்கலை, ஓங்கினார் அவ்வளவுதான். முதல் அடி விழற வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். பி.என்.எஸ். 40-ன்படி, குற்றம் நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை. முயற்சியிலிருந்தோ மிரட்டலிலிருந்தோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நிமிடமே உரிமை தொடங்கிவிடுகிறது. ஓங்கின கையைப் பிடிப்பது தாராளமாக இதில் அடங்கும்.

அம்ஜத் கான் வழக்கில் 1952-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்குப் பழைய, நல்ல எடுத்துக்காட்டு. மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் கலவரம். கூட்டம் அதே கட்டடத்தின் இன்னொரு பகுதியைச் சூறையாடிவிட்டு அவர் கதவைத் தட்டி உடைக்கிறது. உள்ளே குடும்பம். அவர் சுட்டார், ஓர் உயிர் போனது. கீழே இருந்த நீதிமன்றங்கள் தண்டித்தன. கதவு உடைந்து ஆட்கள் உள்ளே வந்து கைவைக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தனக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கு வரும் என்று அவர் பயந்த ஆபத்தும் கணக்கில் எடுக்கப்பட்டது.

அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். ‘எப்பவோ ஒருநாள் அவளை அடிப்பான்னு தெரியும், அதனால இன்னைக்கே நாலு வெச்சேன்’ என்பது இதில் வராது.

நான் தொடவே இல்லை, கையை மட்டும் ஓங்கினேன். அதுக்கு ‘அசால்ட்’னு போட்டிருக்காங்களே?

சட்டத்தில் ‘அசால்ட்’ என்றால் அதுதான். பி.என்.எஸ். 130-ன்படி, எதிரில் இருப்பவர் இதோ அடி விழப்போகிறது என்று பயப்படும்படி சைகை செய்தாலே போதும். அடி விழுந்தால் அது காயப்படுத்துதல், 115. காயம் பெரிதாக இருந்தால் கொடுங்காயம், 117: ஏழு ஆண்டு வரை சிறை. எலும்பு முறிவு, பல் விழுவது எல்லாம் கொடுங்காயக் கணக்கில் சேரும். நாம் பேச்சில் எல்லாவற்றையும் அசால்ட் கேஸ் என்றே சொல்கிறோம். பரவாயில்லை, தற்காப்பு வாதம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கையால தடுத்தா சரி. கட்டையை எடுத்துட்டா போச்சுன்னு சொல்றாங்களே?

கட்டையை எடுத்ததாலேயே எதுவும் போய்விடாது. 37-வது பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. அவர் கையில் என்ன இருந்ததோ அதே அளவு ஆயுதம்தான் உங்களிடமும் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

தேவ் நாராயண் வழக்கில் 1972-ல் இதே கேள்வி வந்தது. எதிர்த்தரப்பு தடியால் தலையில் அடித்தது. இவர் ஈட்டியால் குத்தினார். தடிக்கு ஈட்டியா, எல்லை மீறல் என்றது உயர் நீதிமன்றம். தலை உயிர்நிலையான இடம், அங்கே விழும் தடியடியும் உயிரைக் குடிக்கும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதற்றத்தில் இருப்பவர் பலத்தைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பது இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒப்புமை.

ஆனால் அந்தத் தராசு உங்களுக்காக எந்த அளவுக்கும் சாயும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் இன்னொருவரைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார். நீங்கள் பின்னால் போய் இரும்புக் கம்பியால் மண்டையில் போட்டால், எந்த நீதிபதியும் அதைப் பதற்றக் கணக்கில் எழுத மாட்டார்.

உயிரே போயிட்டா? அப்பவும் விடுவாங்களா?

38-வது பிரிவு சொல்லும் சூழல்களில் விடுவார்கள். நீங்கள் தடுக்கும் தாக்குதல் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்பட வைப்பது, பாலியல் வன்புணர்வு நோக்கிலோ இயற்கைக்கு மாறான இச்சையிலோ வருவது, ஆள்கடத்தல், உதவிக்கு அதிகாரிகளை நாட வழியில்லாதபடி அடைத்து வைப்பது, ஆசிட் வீசுவது அல்லது புகட்டுவது. ஆசிட் பற்றிய பகுதி 2013-ல்தான் சேர்ந்தது. இவற்றில் எதுவும் இல்லாத சாதாரண அடிதடியில் உயிரைப் பறிக்கும் உரிமை கிடையாது. வேறு தீங்கு செய்யலாம், அதுவும் தேவையான அளவுக்கு. இது 39.

2012-ல் மதுரையில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். மகளிடம் அத்துமீறிய கணவரை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவர் இறந்துபோனார். காவல் துறை அன்றைய 100-வது பிரிவைக் காட்டி அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. அடுத்தவரைக் காக்கும் உரிமைக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் விசாரணைக் கட்டத்திலேயே இப்படி முடிவது அபூர்வம். பெரும்பாலும் வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகை வந்து, நீதிமன்றத்தில்தான் இந்த வாதத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

2010-ல் தீர்ப்பான தர்ஷன் சிங் வழக்கு அப்படிப்பட்டது. நிலத் தகராறு, தந்தை மீது கோடரி போன்ற நீண்ட வெட்டுக்கருவி விழுகிறது, மகன் சுடுகிறார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. இந்த உரிமையைப் பற்றிய விதிகளையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்துத் தந்த தீர்ப்பு அது. உங்கள் வக்கீல் கட்டாயம் கையில் வைத்திருப்பார்.

அவன் விட்டுட்டு ஓடினான். துரத்திப் பிடிச்சு ரெண்டு போட்டேன். அதுவும் இதுல வருமா?

வராது. முதல் பதிலில் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான். அச்சம் இருக்கும் வரைதான் உரிமை இருக்கும். ஓடுகிறவரால் யாருக்கும் ஆபத்து இல்லை என்றால், அந்த முதுகின் மேல் விழும் அடி பழிவாங்கல். 1962-ல் ஜெய் தேவ் வழக்கில், தாக்க வந்தவர்கள் சிதறி ஓடிய பிறகும் சுட்டதை உச்ச நீதிமன்றம் தற்காப்பாக ஏற்கவில்லை. கீழே விழுந்து கிடப்பவரை உதைப்பதும் இதே கணக்குதான்.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நான் பார்த்த ஒரு வழக்கில் கண்காணிப்புக் கேமராப் பதிவு மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. முதல் பாதியில் என் கட்சிக்காரர் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்தவரின் கையை முறுக்கி விடுவிக்கிறார். அப்பழுக்கற்ற காட்சி. அந்தப் பெண் நகர்ந்து, கடை வாசலுக்குள் போய், துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிறார். அதற்குப் பிறகு என் கட்சிக்காரர் திரும்பி வந்து, உட்கார்ந்திருக்கும் அந்த ஆளின் முகத்தில் ஒரு மிதி. மூக்கெலும்பு உடைந்தது. குறுக்கு விசாரணையில் முதல் பாதியைப் பற்றி யாருமே பேசவில்லை.

அப்போ ஓடறவனைச் சும்மா விட்டுடணுமா?

பிடிக்கலாம், அடிக்கத்தான் கூடாது. உங்கள் கண் முன்னே ஜாமீனில் விட முடியாத, காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்தால் பொதுமக்களில் யாரும் அவரைப் பிடித்து வைக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-வது பிரிவு இது. (மேலே சொன்ன 40 பி.என்.எஸ்.-ல் உள்ளது. இரண்டு சட்டத்திலும் ஒரே எண் விழுந்துவிட்டது, வக்கீல்களே தடுமாறுகிறோம்.) தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி வைத்து ஊரே ஆளுக்கொரு அடி போடுவது இதில் வராது. அது தனிக் குற்றம்.

நூறுக்குப் போன் பண்ணியிருக்கலாமே, நீ ஏன் போனேன்னு கேட்பாங்களா?

கேட்பார்கள். அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை என்று 37-வது பிரிவே சொல்கிறது. ஆனால் ‘நேரம்’ என்பதை அந்த இடத்தில், அந்த நொடியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஆள் சேர்த்துக்கொண்டு போனால் நேரம் இருந்தது என்றுதான் அர்த்தம். முடிந்தால் ஒருவர் போன் செய்ய, ஒருவர் விலக்குங்கள். அழைப்புப் பதிவில் உள்ள நேரம் பின்னால் உங்களுக்கே சாட்சியாக நிற்கும்.

தம்பியை அடிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டு நாங்க நாலஞ்சு பேர் போனோம். அது அவனைக் காப்பாத்தறதுதானே?

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி இன்னும் அடி வாங்கிக்கொண்டிருந்தாரா? ஆம் என்றால் உரிமை உயிரோடு இருக்கிறது. அவர் வீட்டில் தலைக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்க, நீங்கள் நியாயம் கேட்கப் போய் அங்கே கைகலப்பு ஆனது என்றால் இல்லை. ஐந்து பேர் ஆகிவிட்டால் சட்டவிரோதக் கூட்டம், கலகம் என்ற பிரிவுகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது யார் எந்த அடி அடித்தார் என்பது பின்னுக்குப் போய், எல்லோரும் சேர்ந்து பொறுப்பாகிறார்கள்.

இரு தரப்பும் சண்டைக்குத் தயாராக வந்து மோதிக்கொண்டால், அங்கே யாருக்கும் தற்காப்பு உரிமை இல்லை என்பதும் நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பங்காளிச் சண்டை வழக்குகள் பல இந்தக் குழியில்தான் விழுகின்றன.

அடிச்சவர் மனநலம் சரியில்லாதவர்னு பிறகுதான் தெரிஞ்சுது. சின்னப் பையனா இருந்தாலோ, குடிபோதையில இருந்தாலோ?

உரிமை மாறாது. அவர் செய்தது அவருக்குக் குற்றமாகாமல் போகலாம். அடி வாங்குகிறவருக்கு அடி அடிதான். 36-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சிறுவனையோ தள்ளாடுகிறவரையோ அடக்கத் தேவையான பலம் குறைவு. ‘தேவையான அளவு’ என்ற கணக்கு இங்கே இறுகும்.

நான் யாரைக் காப்பாத்தினேனோ, அவர்தான் சண்டையை ஆரம்பிச்சவராம். எனக்குத் தெரியாது. இப்போ நான் என்ன ஆவேன்?

கஷ்டமான கேள்வி, ஆனால் சட்டம் இதை யோசித்திருக்கிறது. முதலில் அடிப்படை: தற்காப்புக்கு எதிராகத் தற்காப்பு கிடையாது. ராமு கத்தியோடு சோமுவைத் தாக்குகிறார், சோமு தடுத்துத் திருப்பி அடிக்கிறார் என்று வையுங்கள். சோமு செய்வது குற்றமே அல்ல. அப்படியானால் சோமுவிடமிருந்து ராமுவைக் ‘காப்பாற்ற’ உண்மையில் எதுவும் இல்லை. நீங்கள் வந்து பார்த்ததோ, சோமு ராமுவை அடிக்கும் காட்சி மட்டும்.

இங்கே கைகொடுப்பது 17-வது பிரிவு, பழைய 79. சட்டம் தனக்கு இடம் தருகிறது என்று, நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்லெண்ணத்துடன் செய்ததும் குற்றம் ஆகாது. அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டமே தரும் விளக்கக் காட்சி ஏறக்குறைய உங்கள் கதைதான்: ஒருவர் கொலை செய்வதுபோல் தோன்றுகிறது, அதைப் பார்த்தவர் பிடித்து அதிகாரிகளிடம் கொண்டுபோகிறார். பிடிபட்டவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று பிறகு தெரிந்தாலும் பிடித்தவர் குற்றவாளி அல்ல. ஆக, உண்மை என்ன என்பதோடு, அந்த நொடியில் நீங்கள் நியாயமாக என்ன நம்பினீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

எல்லா நாட்டிலும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1962-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு நடுத்தர வயது ஆட்கள் ஓர் இளைஞனை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருவர் குறுக்கே விழுந்தார். அவர்கள் சாதாரண உடையில் இருந்த துப்பறியும் போலீஸ்காரர்கள், நடந்தது சட்டப்படியான கைது. காப்பாற்ற வருகிறவர் காப்பாற்றப்படுபவரின் காலணிக்குள் நிற்கிறார், அந்த இளைஞனுக்கு எதிர்க்கும் உரிமை இல்லை என்றால் இவருக்கும் இல்லை என்று சொல்லி, இடையில் ரத்தாகியிருந்த தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது நீதிமன்றம். பிறகு அங்கேயும் சட்டத்தை மாற்றினார்கள்.

ஆனாலும் ‘நல்லெண்ணம்’ என்றால் நம் சட்டத்தில் உரிய கவனத்தோடு செய்வது என்று பொருள். ஒரு சத்தம் போட்டு, ‘என்னங்க நடக்குது’ என்று கேட்க நேரம் இருந்தும் கேட்காமல் பாய்ந்தவருக்கு இந்தப் பிரிவு நழுவிப்போகும்.

நியூயார்க்கில் நடந்த மாதிரி, எதிரில் இருந்தது மஃப்டி போலீஸ்னா?

அவர் அரசு ஊழியர் என்று உங்களுக்குத் தெரியாமலும், தெரிந்துகொள்ளக் காரணம் இல்லாமலும் இருந்தால் உங்கள் உரிமை பறிபோகாது. 37-க்கான விளக்கத்திலேயே இது உண்டு. அடையாள அட்டையைக் காட்டியபின் நிலைமை வேறு. பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும் எதிர்க்க முடியாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

தள்ளிவிட்டதுல பக்கத்துல நின்ன பெரியவர் விழுந்துட்டார். அவருக்கு நான் பொறுப்பா?

உயிருக்கு ஆபத்தான தாக்குதலைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையில், சம்பந்தமில்லாதவருக்கு ஆபத்து நேரும் என்று தெரிந்தும் செயல்பட 44-வது பிரிவு அனுமதிக்கிறது. கொல்ல வரும் கூட்டத்துக்குள் குழந்தைகளும் இருக்கும் காட்சியைத்தான் அந்தப் பிரிவு எடுத்துக்காட்டாகத் தருகிறது. சாதாரணத் தள்ளுமுள்ளுக்கு அந்தப் பிரிவு எட்டாது. அங்கே நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்களா என்பதே கேள்வி.

கொஞ்சம் அதிகமாப் போயிட்டேன்னு எனக்கே தோணுது. அப்போ மொத்தமும் போச்சா?

மொத்தமும் போகாது. மரணம் நேர்ந்த வழக்கில், கொலையை வரையறுக்கும் 101-ன் இரண்டாவது விதிவிலக்கு இருக்கிறது. நல்லெண்ணத்துடன் காக்கும்போது, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல் எல்லை தாண்டியிருந்தால் அது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று 105-ன் கீழ் வரும். காய வழக்குகளுக்கு இப்படித் தனி விதிவிலக்கு எழுதப்படவில்லை. ஆனால் எதற்காகப் போனார் என்பது தண்டனையின் அளவில் எதிரொலிக்கும்.

‘நான் அங்க இல்லவே இல்லை’னு சொல்லிடறது பாதுகாப்பு இல்லையா?

பலர் செய்வது இதைத்தான், வழக்கைக் கெடுப்பதும் இதுதான். ‘இல்லவே இல்லை’, ‘இருந்தேன், காப்பாற்றத்தான் அடித்தேன்’ இரண்டும் ஒரே வாயில் பொருந்தாது. உண்மையில் விலக்கப் போயிருந்தால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும், வக்கீலிடம் கலந்து பேசிவிட்டு.

முதல் நாள் என்று நான் சொல்வது பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அதன் நகலை எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். யார், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று நீங்கள் சொன்னதை மருத்துவர் ஒரே வரியில் எழுதிக்கொள்வார். உங்களுக்குச் சிராய்ப்புதான் என்றாலும் போய்க் காட்டுங்கள். உங்கள் முழங்கையில் இருக்கும் பல் தடத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எதிர்த்தரப்பு புகார் கொடுத்துவிட்டது என்றால் நீங்களும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வழக்கும் எதிர்வழக்கும் வந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து, தாக்குதலைத் தொடங்கியது யார் என்று பார்ப்பது விசாரணை அதிகாரியின் கடமை.

சரி, பயத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டாகிவிட்டது என்றால்? 1967-ன் முன்ஷி ராம் தீர்ப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தானே அந்த வாதத்தை எடுக்காவிட்டாலும், சாட்சியங்களிலிருந்து தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கருதலாம் என்கிறது அது.

நிரூபிக்க வேண்டியது நானா, அரசா?

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது எப்போதும் அரசுத் தரப்பு, சந்தேகத்துக்கு இடமில்லாமல். விதிவிலக்கு எனக்குப் பொருந்தும் என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு: பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் 108, பழைய சாட்சியச் சட்டம் 105. ஆனால் உங்கள் சுமை அவ்வளவு கனமானது அல்ல. இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்ற வைத்தால் போதும். அதற்கு நீங்கள் கூண்டேற வேண்டிய கட்டாயமும் இல்லை. அரசுத் தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலேயே பாதி வந்துவிடும். உங்கள் உடம்பில் இருந்த பெரிய காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கமே தரவில்லை என்றால் அவர்கள் கதை ஆட்டம் காணும். 1976-ன் லட்சுமி சிங் தீர்ப்பு இதற்குத்தான் அடிக்கடி காட்டப்படுகிறது.

நான் காப்பாத்தின அம்மாவே ‘அப்படி ஒண்ணும் நடக்கலை’ன்னு சொல்லிட்டாங்க. இனி என்ன செய்ய?

கணவன் மனைவி தகராறில் குறுக்கே போனவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு நாளில் அவர்கள் சமாதானமாகிவிடுவார்கள், எஃப்.ஐ.ஆர்.-ல் மிஞ்சுவது உங்கள் பெயர் மட்டும். கோபப்பட்டுப் பயனில்லை. அந்த அம்மா அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

சட்டப்படி உங்கள் உரிமை அவருடைய சாட்சியத்தில் தொங்கவில்லை. ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தவர், வண்டியை நிறுத்திய ஓட்டுநர், சத்தம் கேட்டு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அந்த நொடியின் காட்சியைச் சொல்லலாம். அந்த அம்மாவின் கழுத்தில் இருந்த நகக்கீறலை மருத்துவர் எழுதியிருந்தால் அதுவும் பேசும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேமராப் பதிவு. பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். வக்கீல் மூலம் உடனே எழுத்தில் கேட்டு வையுங்கள். நகலை மட்டும் பென்டிரைவில் வாங்கி வந்தால் போதாது, மேலே சொன்ன புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். பதிவு எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, அது ஒழுங்காக வேலை செய்ததா என்று சொல்லும் சான்று அது. அதில் அந்தக் கருவியைப் பராமரிப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பராமரிப்பவரைச் சம்பவம் நடந்த வாரத்தில் கேட்டால் தருவார். குற்றப்பத்திரிகை வந்தபின் போய்க் கேட்டால், கடை கை மாறியிருக்கும்.